குறிப்பாணைக்குப் பதில்

பதினான்கு ஆட்டம். வென்றது இரண்டு.
அதில் ஒன்று, எதிரணிப் பேருந்து
பரமக்குடியில் பழுதாகி நின்றதால் வந்தது.

ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தருக என்று
தாளாளர் அலுவலகத்திலிருந்து குறிப்பாணை.
வாங்கிய நேரத்தையும் எழுதச் சொன்னார் கிளார்க் ஜெமிலா:
பிற்பகல் மூன்று பத்து.

முதல் தாளில் காற்றைப் பற்றி எழுதினேன்.
கீழக்கரையில் எங்கள் மைதானம்
கடலுக்கு முகம் காட்டிக் கிடக்கிறது.
கச்சான் அடித்தால் பந்து ஒரு சாண் கிழக்கே போகும்.
வளையத்துக்கு ஒரு சாண் மேற்கே குறி வை என்று
மூன்று வருஷம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
வைத்தார்கள். விழுந்தது. கைதட்டினோம்.
மதுரை உள்ளரங்கில் காற்றே இல்லை.
நாற்பத்தொரு ஃப்ரீ த்ரோவில் இருபத்தாறு
அதே ஒரு சாண் தள்ளிப் போயின.
பையன்கள் கை தவறவில்லை ஐயா,
சொன்னதைச் செய்த கை அது.

படித்துப் பார்த்தேன்.
குற்றவாளி காற்று போலவே தெரிந்தது.
கிழித்துவிட்டேன்.

இரண்டாம் தாளில் ரொசாரியன்.
தங்கச்சிமடம். ஆறடி நான்கு அங்குலம்.
போன தடைக்காலத்தில்,
விசைப்படகெல்லாம் சும்மா கிடந்த மே மாதம்,
அவன் வீட்டுக்கு நான்கு முறை போனேன்.
நிலைப்படியில் அவன் குனிந்து வெளியே வந்ததைப் பார்த்ததுமே
மனசுக்குள் கோப்பைக்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.
ஃபீஸ் கிடையாது என்றேன். ஹாஸ்டல் இலவசம் என்றேன்.
மூன்றாம் வருஷம் ரயில்வேயில் எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.
ரயில்வேயில் எனக்கு
டிக்கெட் கொடுப்பவரைக்கூடத் தெரியாது.
யாரும் கேட்காமலே வாயில் வந்தது.

ஒன்பதாவது ஆட்டத்தில் அவன் முழங்கால் முறுக்கிக்கொண்டது.
ஐஸ் வைத்தேன்.
பத்தாவதில் இறக்கினேன்.
"சார், நொடிக்குது" என்றான்.
"கடைசி குவார்ட்டர்தானே" என்றேன்.
அதற்குப் பிறகு பெஞ்சில்,
இரண்டு பேர் உட்காரும் இடத்தில் காலை நீட்டி,
ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தான்.
நல்ல கையெழுத்து. தோற்ற ஆட்டங்களும் அழகாக இருக்கும்.

இந்தத் தாளைக் கிழிக்கவில்லை.
உறையிலும் போடவில்லை.

அனுப்பியது மூன்றாவது.
போதிய பயிற்சி நேரமின்மை, உபகரணப் பற்றாக்குறை,
வரும் கல்வியாண்டில் உயரமான வீரர்களைச் சேர்க்க
உரிய முயற்சி மேற்கொள்ளப்படும்.
ஏற்றுக்கொண்டார்கள்.
பயணப்படிகூட ஒதுக்கினார்கள்.

இப்போது மறுபடி மே.
மண்டபத்தில் பஸ் இறங்கி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்,
சீமைக்கருவேலுக்குள் நுழையும் பாதை.
பையன் பெயர் நம்புகுமார்.
அளவு நாடாவை எடுக்கவேண்டிய தேவையே இல்லை.

அவன் அம்மா நண்டுவலையில் சிக்கிய பாசியைப்
பிய்த்துக்கொண்டே கேட்டாள்:
"போன வருசம் எத்தனை செயிச்சீக?"
"ரெண்டு."
"எத்தனைல?"
"பதினாலுல. ரெண்டுல ஒண்ணு சும்மா வந்தது."
சிரித்தாள். பையன் சிரிக்கவில்லை.
"தங்கச்சிமடத்துப் புள்ள ஒண்ணக் கூட்டிட்டுப் போனீகளே,
அது காலு இப்ப எப்படி?"

தாளாளர் கேட்காதது.
ஏழு நாள் அவகாசமும் கிடையாது.

சொன்னேன்.
ஐஸ், பத்தாவது ஆட்டம், குவார்ட்டர், ரயில்வே.
பாசி பிய்க்கும் கை ஒரு இடத்தில் நின்றது,
பிறகு போனது.
"காலு போனா யாரு பாக்குறதுன்னு
எழுதித் தருவீகளா?"

பையில் இருந்தது அந்த இரண்டாம் தாள் மட்டும்.
திருப்பினேன். பின்பக்கம் வெறுமை.
முழங்கால் என்று எழுதும்போது பேனா தீர்ந்தது.
நம்புகுமார் உள்ளே போய்த் தன் பேனாவைக் கொண்டுவந்தான்.
குனிந்துதான் வந்தான்.
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
அவள் மடித்து, மிதவைக் கட்டைகள் இருந்த சாக்குக்குள் செருகினாள்.
"அவுக அப்பா கொல்லத்துல இருந்து வரட்டும்" என்றாள்.